மரணங்களை மட்டும் எண்ணினால் போதாது: நோய்ச்சுமைக் கணக்கும் மருத்துவச் செலவும்

1996-இல் தான்சானியாவின் மொரோகோரோ மாவட்டத்துக்கு இரண்டு கணக்குகள் எடுக்கப்பட்டன. மாவட்டத்தின் சுகாதாரப் பணம் எந்தெந்த நோய்க்குச் செலவாகிறது என்பது முதல் கணக்கு. அந்த மாவட்டத்து மக்களின் வாழ்நாளை எந்தெந்த நோய் எவ்வளவு பறிக்கிறது என்பது இரண்டாவது. அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மக்கள் இழந்த வாழ்நாளில் 30 சதவீதத்தை மலேரியா கொண்டுபோயிருந்தது. பட்ஜெட்டில் அதற்குக் கிடைத்தது 5 சதவீதம். காசநோயால் ஏற்பட்ட இழப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குப் போன பணம் 22 சதவீதம்.

அந்த மாவட்ட அதிகாரிகளை அக்கறையற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. போன ஆண்டுப் பட்ஜெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சில இனங்களில் கொஞ்சம் கூட்டி, சிலவற்றில் கொஞ்சம் குறைத்து இந்த ஆண்டுப் பட்ஜெட்டைப் போடுவது எல்லா ஊர் அலுவலகங்களிலும் நடப்பதுதான். நன்கொடை தரும் நாடுகள் எந்த நோயின் பெயரில் பணம் தருகின்றனவோ, அந்த நோய்க்குப் பணம் சேரும். காய்ச்சல் கண்டு வீட்டிலேயே இறந்துபோகும் குழந்தையோ எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் இல்லாத சாவுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்த துறைதான் நோய்ச்சுமை ஆய்வு. ஒரு நாட்டு மக்கள் எந்த நோயால் எவ்வளவு இழக்கிறார்கள், அந்த நாடு எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது, செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்கிறதா என்று நாடு நாடாக அளந்து பார்க்கும் வேலை இது. செய்திகளில் அடிக்கடி வரும் ‘உலகில் இத்தனை லட்சம் பேர் காற்று மாசால் இறக்கிறார்கள்’, ‘இந்தியாவின் நோய்ச்சுமையில் பாதிக்கு மேல் தொற்றா நோய்கள்’ போன்ற வரிகளெல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரியும்.

இழந்த ஆண்டுகள்

ஒரு நாட்டில் எது பெரிய நோய் என்று கேட்டால், எதனால் அதிகம் பேர் சாகிறார்களோ அதுதான் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் இரண்டு விஷயங்கள் கணக்கிலிருந்து நழுவிவிடும். 85 வயதில் மாரடைப்பில் இறக்கும் முதியவரும் இரண்டு வயதில் வயிற்றுப்போக்கில் இறக்கும் குழந்தையும் அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஒரு மரணம்தான். குழந்தை இழந்த எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதில் தெரியாது. அடுத்தது, ஆளைக் கொல்லாத நோய்கள். முதுகுவலி, மனச்சோர்வு, பார்வை இழப்பு போன்றவை ஒருவருடைய இருபது முப்பது ஆண்டுகளைக் குலைத்துவிடும். ஆனாலும் மரணப் பட்டியலில் அவற்றின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இந்த இரண்டு குறைகளையும் ஒரே அளவுகோலால் சரிசெய்ய முடியும் என்று 1990-களின் தொடக்கத்தில் காட்டியவர்கள் கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள். அவர்கள் மரணங்களுக்குப் பதிலாக ஆண்டுகளை எண்ணினார்கள். நலமாக வாழ்ந்திருக்க வேண்டிய ஓர் ஆண்டு பறிபோனால் அது ஒரு டேலி. ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் முதலெழுத்துகளால் அமைந்த சுருக்கப்பெயர் இது. இந்தத் துறையில் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

கணக்கு இப்படிப் போகும். ஓர் இளைஞர் 30 வயதில் சாலை விபத்தில் இறந்துவிட்டார். உலகில் மிகக் குறைந்த மரண விகிதம் உள்ள மக்களைப் போல அவரும் வாழ்ந்திருந்தால் இன்னும் 58 ஆண்டுகள் வாழ்ந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விபத்தின் கணக்கில் 58 ஆண்டுகள் ஏறும். இன்னொருவருக்கு 40 வயதில் இரு கண்களிலும் பார்வை முழுதாகப் போய்விட்டது; அதற்குப் பிறகு 40 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு நிலை எவ்வளவு நலத்தைப் பறிக்கிறது என்று 0-க்கும் 1-க்கும் இடையே தரும் எண்ணுக்கு எடை என்று பெயர்; முழுப் பார்வையிழப்புக்குத் தரப்பட்டுள்ள எடை 0.187. 40 ஆண்டுகளை அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 7.5 ஆண்டுகள் வரும். முன்கூட்டியே இறந்ததால் போன ஆண்டுகளையும், நோயோடு வாழ்ந்ததால் போன ஆண்டுகளையும் ஒரு நாடு முழுவதற்கும் கூட்டினால் அந்த நாட்டின் நோய்ச்சுமை கிடைத்துவிடும்.

இந்த முறையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் ஒன்று உண்டு. இறந்தவர் எத்தனை ஆண்டுகளை இழந்தார் என்று பார்க்கும்போது அவருடைய நாட்டின் சராசரி ஆயுளை அளவாக எடுப்பதில்லை. சாட் நாட்டில் பிறந்த குழந்தைக்கும் ஜப்பானில் பிறந்த குழந்தைக்கும் ஒரே இலக்கு ஆயுள்தான். ஏழை நாட்டில் பிறந்தவர் எப்படியும் சீக்கிரம் இறப்பவர்தானே என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. இந்தத் துறையின் அறம் அந்த ஒரு முடிவில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

எடைகளைப் பற்றித்தான் ஓயாத வாக்குவாதம். நலமாக இருப்பதற்கு 0, மரணத்துக்கு 1. மற்ற எல்லா நிலைகளும் இடையில் எங்கோ வரும். எங்கே என்பதை யார் முடிவு செய்வது? தொடக்கத்தில் நிபுணர்கள் கூடி முடிவு செய்தார்கள். பின்னர் பங்களாதேஷ், இந்தோனேசியா, பெரு, தான்சானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பொதுமக்களிடமும், இணையம் வழியாகப் பல நாட்டவரிடமும் கேட்டார்கள். 30,000-க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். கேள்வி எளிமையானது. இரண்டு பேரின் உடல்நிலையை நாலு வரியில் விவரித்து, இவர்களில் யார் கூடுதல் நலமாக இருக்கிறார் என்று கேட்பது. இப்படி ஆயிரக்கணக்கான ஒப்பீடுகளிலிருந்து எடைகள் பிறந்தன. லேசான ரத்தசோகைக்கு 0.004, கடுமையான மனச்சோர்வுக்கு ஏறத்தாழ 0.66.

நிபுணர்கள் முடிவு செய்த காலத்தில் முழுப் பார்வையிழப்பின் எடை 0.6. பொதுமக்களைக் கேட்டபோது அது 0.2-க்கும் கீழே வந்துவிட்டது. கண் பார்வையற்றவர்களுக்கு இடையே ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. கேட்கப்பட்ட கேள்விதான் மாறியது. ‘யார் கூடுதல் நலமாக இருக்கிறார்’ என்று கேட்டால் பார்வையற்றவரையும் நலமானவராகத்தான் பலர் பார்க்கிறார்கள். வேலை கிடைக்காததும், நடைபாதை இல்லாத தெருவும், பிறர் உதவிக்குக் காத்திருப்பதும் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைக்கு எண் போடுவதே தவறு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. எடை என்பது உடல்நல இழப்பை அளக்கவே தவிர ஒரு மனித வாழ்வின் மதிப்பை அளக்க அல்ல என்று ஆய்வாளர்கள் பதில் சொல்கிறார்கள். பட்ஜெட் கூட்டங்களில் அந்த வேறுபாட்டை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இந்தக் கணக்கின் முதல் பதிப்பில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. இளமையில் வாழும் ஓர் ஆண்டுக்குக் குழந்தைப் பருவத்து ஆண்டையும் முதுமை ஆண்டையும் விடக் கூடுதல் மதிப்பு கொடுத்திருந்தார்கள். எதிர்காலத்தில் வாழவிருக்கும் ஆண்டுக்கு, வட்டிக் கணக்குப் போல ஆண்டுக்கு 3 சதவீதம் தள்ளுபடியும் போட்டார்கள். சுதீர் ஆனந்த், காரா ஹான்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1997-இல் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். 2012-இல் வெளியான பதிப்பில் இந்த இரண்டு வழக்கங்களும் கைவிடப்பட்டன. இப்போது எந்த வயதில் வாழ்ந்தாலும் ஓர் ஆண்டு ஓர் ஆண்டுதான்.

எப்படித் தொடங்கியது

இந்த அளவுகோல் பொது வெளிக்கு வந்தது உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை மூலம். அதற்கு முன் ஒவ்வொரு நோய்க்குமான திட்டமும் தன் நோயால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கூட்டினால், உண்மையில் இறந்தவர்களைவிட அதிகம் பேர் இறந்ததாகக் கணக்கு வந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தட்டம்மை கண்ட குழந்தை நிமோனியாவில் இறந்தால், இரண்டு திட்டங்களும் அந்தச் சாவைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டன. மொத்த மரணங்கள் இவ்வளவுதான் என்று எல்லை கட்டி, ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று பிரித்துக் கொடுத்தது புதிய முறையின் முதல் சேவை.

அடுத்த சேவை, மறைந்திருந்த நோய்களை வெளியே கொண்டுவந்தது. 1990-ஆம் ஆண்டுக்கான கணக்கு வெளியானபோது மனச்சோர்வு உலக நோய்ச்சுமையில் நான்காம் இடத்தில் நின்றது. மரணப் பட்டியலின் எந்த மூலையிலும் இல்லாத ஒரு நோய்! மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் முதல் நாட்டு அரசுகள் வரை பேசத் தொடங்கியதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்குண்டு. ஆனாலும் அரசுகள் தம் சுகாதாரப் பட்ஜெட்டில் மனநலத்துக்கு ஒதுக்குவது இன்றும் சராசரியாக 2 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது.

107 நோய்களோடும் உலகை எட்டு மண்டலங்களாகப் பிரித்தும் தொடங்கிய அந்தக் கணக்கு இன்று மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடு 2007-இல் மர்ரே தொடங்கிய நிறுவனம் இதை நடத்துகிறது; முடிவுகள் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியாகின்றன. 2021-ஆம் ஆண்டுக்கான பதிப்பு 204 நாடுகளையும் பகுதிகளையும், 371 நோய்களையும் காயங்களையும், 88 ஆபத்துக் காரணிகளையும் எடுத்துக்கொண்டது. அந்த ஓராண்டில் உலகம் இழந்தது ஏறத்தாழ 288 கோடி ஆண்டுகள். ஆபத்துக் காரணிகளில் காற்றில் மிதக்கும் நுண்துகள் மாசு முதலிடத்திலும் உயர் ரத்த அழுத்தம் அதை ஒட்டியே இரண்டாம் இடத்திலும் வந்தன.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

உலகில் நிகழும் மரணங்களில் பெரும்பகுதிக்கு மருத்துவர் கையெழுத்திட்ட, நம்பத்தகுந்த காரணச் சான்று கிடையாது. ஏழை நாடுகளில் பலர் வீட்டிலேயே இறக்கிறார்கள். பிறகு எப்படிக் காரணத்தைக் கண்டுபிடிப்பது?

இறந்தவரின் வீட்டுக்குப் போய்க் கேட்பதுதான் வழி. இதற்கு வாய்மொழி மரண விசாரணை என்று பெயர் சொல்லலாம். பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஒருவர் இறந்தவரின் குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசுவார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சுத் திணறியதா, நெஞ்சுவலி வந்ததா, கடைசி நாள்களில் உடல் இளைத்ததா என்று வரிசையாகக் கேட்பார். குடும்பத்தார் சொல்வதை அவர்கள் மொழியிலேயே அரைப் பக்கம் எழுதிக்கொள்வார். அந்தத் தாளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்து, மரணத்தின் காரணம் என்ன என்று முடிவு செய்வார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது மருத்துவர் தீர்த்துவைப்பார்.

இந்தியாவில் பிரபாத் ஜா தலைமையில், இந்தியப் பதிவாளர் நாயகம் அலுவலகத்தோடு சேர்ந்து நடந்த ‘பத்து லட்சம் மரணங்கள்’ ஆய்வு இந்த முறையில்தான் நடந்தது. அது பாம்புக்கடியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டால் இந்தத் துறையின் தேவை புரிந்துவிடும். 2005-இல் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 45,900 பேர் என்று அது கணித்தது. அரசு மருத்துவமனைகளின் அறிக்கைகளில் இருந்ததைப் போல 30 மடங்குக்கும் மேல்! இறந்தவர்களில் 97 சதவீதம் பேர் கிராமத்தவர்கள். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது 23 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்கள் வயலிலும் வீட்டிலும் போகும் வழியிலும் இறந்தார்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் இந்திய அரசு இதற்கென்று தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை நெடுங்காலமாகத் தந்துவருகிற இருளர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருப்பதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

இந்த விசாரணை முறைக்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடியான வேலை நடந்திருக்கிறது. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ என்ற ஆய்வாளர்கள் சென்னையில் 48,000, விழுப்புரம் மாவட்டத்தில் 32,000 என்று 80,000 பேரின் மரணங்களை இப்படி ஆராய்ந்தார்கள். அந்தத் தரவின் துணையோடு 2003-இல் லான்செட்டில் வெளியான ஆய்வு, இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பிடிப்பே காரணம் என்றது. காசநோயைக் கிருமியின் வேலையாக மட்டுமே பார்த்துவந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இப்படித் திரட்டிய துண்டுத் துண்டான தகவல்களைச் சேர்த்து, தகவலே இல்லாத இடங்களுக்குப் பக்கத்து நாடுகளையும் வருமானத்தையும் கல்வியையும் வைத்துப் புள்ளியியல் மாதிரிகள் மூலம் மதிப்பிடுகிறார்கள். ஆகவே எல்லா நாட்டு எண்களும் ஒரே தரத்தவை அல்ல. பின்லாந்தின் எண் பெரும்பாலும் எண்ணிப் பார்த்தது. சோமாலியாவின் எண் பெரும்பாலும் கணித்தது. அட்டவணையில் மட்டும் இரண்டும் ஒரே எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘இதிலிருந்து இதுவரை இருக்கலாம்’ என்று ஓர் எல்லை கொடுத்திருப்பார்கள். அந்த எல்லை அகலமாக இருந்தால் அங்கே தகவல் மெலிந்திருக்கிறது என்று பொருள். நாளிதழ்கள் அந்த எல்லையை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் அச்சிடுவது எனக்குத் தீராத வருத்தம்.

கோவிட் காலத்தில் இந்தச் சிக்கல் எல்லாருக்கும் தெரிந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த மரணங்கள் உலகளவில் 1.49 கோடி என்றது உலக சுகாதார நிறுவனம், 1.82 கோடி என்றது சியாட்டில் நிறுவனம். இந்தியாவுக்கு இரண்டுமே 40 லட்சத்துக்கு மேல் சொன்னன. அரசின் அதிகாரபூர்வக் கணக்கோ ஐந்து லட்சத்துக்கும் கீழ். அந்த நிறுவனங்கள் கணக்கிட்ட முறையை எதிர்த்து இந்திய அரசு மறுப்புத் தெரிவித்தது. மரணப் பதிவு முழுமையாக இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது.

பணத்தின் பக்கம்

2021-இல் உலகம் முழுவதும் சுகாதாரத்துக்குச் செலவான தொகை 9.8 லட்சம் கோடி டாலர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகின் மொத்த உற்பத்தியில் அது பத்தில் ஒரு பங்குக்கும் சற்றே அதிகம். இதில் ஏழை நாடுகளின் பங்கைப் பாருங்கள். குறைந்த வருமான நாடுகளில் உலக மக்கள்தொகையில் 8 சதவீதம் பேர் வாழ்கிறார்கள். அந்த நாடுகளில் செலவானது உலகச் செலவில் 0.24 சதவீதம். நோயின் சுமை அங்கேதான் தலைக்கு அதிகம்.

ஆனால் பணம் கூடினால் ஆயுளும் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா 2023-இல் ஒரு நபருக்கு 14,570 டாலர் செலவழித்தது. அந்நாட்டுப் பொருளாதாரத்தில் அது 17.6 சதவீதம். சராசரி ஆயுளோ 78.4 ஆண்டுகள். கோஸ்டா ரிக்கா அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவழித்து 80 வயதை எட்டியிருக்கிறது. 1948-இல் ராணுவத்தைக் கலைத்த நாடு அது. 1990-களின் நடுவிலிருந்து ஊருக்கு ஊர் சிறு மருத்துவக் குழுக்களை அமைத்தது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், வீடு வீடாகப் போகும் ஒரு சுகாதாரப் பணியாளர் ஆகியோரைக் கொண்ட குழு. ஒரு குழுவின் பொறுப்பில் நான்காயிரம் ஐயாயிரம் பேர். ரத்த அழுத்தம் ஏறியிருப்பவரும் தடுப்பூசி தவறிய குழந்தையும் மருத்துவமனைக்கு வரும்வரை அந்தப் பணியாளர் காத்திருப்பதில்லை. குறைந்த செலவில் நல்ல உடல்நலம் கண்ட இடங்கள் என்று 1985-இலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் அறிக்கை ஒன்று நான்கைக் குறிப்பிட்டது: சீனா, கோஸ்டா ரிக்கா, கேரளம், இலங்கை. இலங்கையில் 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும் ஊர்தோறும் பணியாற்றிய மருத்துவிச்சிகளும் இல்லாமல் அந்தப் பெயர் அங்கே இடம்பெற்றிருக்காது.

அமெரிக்காவில் மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் வைக்கும் விலையே மற்ற பணக்கார நாடுகளைவிடப் பல மடங்கு. காப்பீட்டு நிர்வாகத்துக்கும் பெருந்தொகை போகிறது. போதை மருந்தும் துப்பாக்கியும் சாலை விபத்தும் இளம் வயதினரைக் கொண்டுபோவதும் ஆயுளைக் குறைக்கிறது. அதற்கு மருத்துவமனைகளைக் குறைசொல்ல முடியாது. ஆகவே ‘செலவு அதிகம், ஆயுள் குறைவு’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவது சரியாகாது. உலக சுகாதார நிறுவனமே 2000-ஆம் ஆண்டு 191 நாடுகளின் சுகாதார அமைப்புகளைத் தரவரிசைப்படுத்திப் பார்த்தது. பிரான்ஸ் முதலிடம், அமெரிக்கா 37, இலங்கை 76, இந்தியா 112. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் அப்படியொரு பட்டியலை அந்த நிறுவனம் மறுபடி வெளியிடவே இல்லை.

எவ்வளவு செலவு என்பதைவிட யார் பையிலிருந்து செலவு என்பது குடும்பங்களுக்கு முக்கியம். மெக்ஸிகோ இதை எண்களின் வழியே கண்டுகொண்ட நாடு. தங்கள் மருத்துவ அமைப்பு பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடப்பதாக அங்கே எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தேசிய சுகாதாரக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, மொத்தச் செலவில் பாதிக்கு மேல் மக்களே சிகிச்சை நேரத்தில் கைக்காசாகக் கொடுத்தது என்று தெரிந்தது. சுகாதார அமைச்சராக இருந்த ஹூலியோ ஃப்ரெங்க் இந்த எண்களை எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்தையும் நிதியமைச்சகத்தையும் சம்மதிக்கவைத்தார். வேலைவழிக் காப்பீடு இல்லாதவர்களுக்கான மக்கள் காப்பீடு 2004-இல் தொடங்கியது. 2012-க்குள் ஐந்து கோடிப் பேருக்கு மேல் அதில் சேர்ந்துவிட்டார்கள். திட்டம் முதலில் வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், குடும்பத்தையே சாய்த்துவிடும் மருத்துவச் செலவு 23 சதவீதம் குறைந்திருந்தது. புதிய அரசு 2020-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தி வேறு அமைப்பைக் கொண்டுவந்துவிட்டது. எண்கள் ஒரு திட்டத்தைப் பிறப்பிக்கலாம். காப்பாற்றுவதற்கு அவை மட்டும் போதவில்லை.

தான்சானியாவிலும் மாற்றம் வந்தது. மொரோகோரோ, ரூஃபிஜி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் சேர்ந்து ஏழு லட்சம் மக்கள். கனடா நாட்டு உதவி நிறுவனம் ஒன்றும் தான்சானிய சுகாதார அமைச்சகமும் சேர்ந்து அங்கே நடத்திய ஒரு திட்டத்தில், நோய்ச்சுமையையும் செலவையும் மாவட்ட அலுவலர்களே பார்த்துப் புரிந்துகொள்ளும்படி எளிய பட்டை வரைபடங்களாகப் போட்டுக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கொடுத்த பணம் தலைக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் அளவுகூட இல்லை. அலுவலர்கள் அதைக் கொசுவலைகளிலும், குழந்தைகளின் காய்ச்சல், நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்கும் பயிற்சியிலும் போட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் குழந்தை மரணம் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. முழுப் பெருமையும் பட்ஜெட் மாற்றத்துக்கே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சின்னத் தொகை சரியான இடத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் படித்ததில்லை.

மொரோகோரோ மாவட்டத்தின் கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொரு வரி இருக்கிறது. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்களின் சுமை 4 சதவீதம். அவற்றுக்குப் போன பணம் 30 சதவீதம். அவசரமாகப் பார்த்தால் பணம் வீணாவது போலத் தோன்றும். சுமை 4 சதவீதமாக இருப்பதற்கே அந்தத் தடுப்பூசிதான் காரணம். பணத்தை நிறுத்தினால் ஓரிரு ஆண்டுகளில் தட்டம்மை திரும்பி வந்துவிடும். நோய்ச்சுமைக்கு ஏற்றபடி பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சுமை எவ்வளவு என்று கேட்ட பிறகு, ஒரு ரூபாய் கூடுதலாகப் போட்டால் அந்தச் சுமையில் எவ்வளவு இறங்கும் என்று கேட்டாக வேண்டும். மலேரியாவுக்குக் கொசுவலை இருந்தது, மருந்து இருந்தது. அதனால்தான் அங்கே பணம் வேலை செய்தது.

நாடுகளுக்கு இடையே போகும் உதவிப் பணத்திலும் இதே கோணலைப் பார்க்கலாம். மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே உலக மரணங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்குக் காரணம். சுகாதார உதவிப் பணத்தில் அவற்றுக்குப் போவது 2 சதவீதம் அளவில்தான். எச்ஐவிக்கு வந்த பெரும்பணம் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதைக் குறைத்து இதற்குக் கொடுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பானையே சிறியது.

2025-இல் அது இன்னும் சிறிதாகிவிட்டது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு வெட்டியது. அந்த உதவியை நிர்வகித்துவந்த அமைப்பே மூடப்பட்டது. அந்த வெட்டில், 1984 முதல் ஏறத்தாழ 90 நாடுகளில் வீடு வீடாகப் போய் குழந்தை மரணம், தடுப்பூசி, ஊட்டச்சத்து ஆகியவற்றைக் கேட்டெழுதிவந்த கணக்கெடுப்புத் திட்டமும் நிறுத்தப்பட்டது. மருத்துவமனைக்குப் பணம் நின்றால் அன்றே தெரிந்துவிடும். கணக்கெடுப்பு நின்றால் என்ன இழந்தோம் என்பதே பல ஆண்டுகளுக்குத் தெரியாது.

நீங்களே பார்க்கலாம்

சியாட்டில் நிறுவனத்தின் நோய்ச்சுமைத் தரவும் உலக சுகாதார நிறுவனத்தின் செலவுத் தரவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியாவின் தேசிய சுகாதாரக் கணக்கை மத்திய அரசு வெளியிடுகிறது. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வயதை ஈடுசெய்த விகிதமா, மொத்த எண்ணிக்கையா என்று தலைப்பில் எழுதியிருக்கும். முதியவர்கள் நிறைந்த ஜப்பானில் புற்றுநோய் மரணங்கள் எண்ணிக்கையில் அதிகமாகத்தான் இருக்கும். இளைஞர்கள் நிறைந்த நைஜீரியாவோடு அதை ஒப்பிட வேண்டுமானால், இரு நாட்டிலும் வயதுப் பங்கீடு ஒன்றுபோல இருந்தால் எப்படியிருக்கும் என்று ஈடுசெய்த எண்ணையே எடுக்க வேண்டும்.

இந்தியாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 2017-இல் வெளியான மாநிலவாரி நோய்ச்சுமை ஆய்வின்படி, 1990-இல் நாட்டின் சுமையில் 61 சதவீதம் தொற்றுநோய்களாலும், பேறுகாலம், பச்சிளம் பருவம், ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் வந்தது. 2016-இல் அது 33 சதவீதமாக இறங்கியது. தொற்றா நோய்களின் பங்கு 30-லிருந்து 55 சதவீதமாக ஏறியது. கேரளம், கோவா, தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் இந்த மாற்றத்தில் முன்னே போய்விட்டன. பீகாரும் உத்தரப் பிரதேசமும் இரண்டு சுமைகளையும் ஒருசேரத் தாங்குகின்றன. அடுத்து செலவுக் கணக்கைத் திறந்தால், 2013-14-இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதமாக இருந்த மக்களின் கைக்காசு, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பது தெரியும். இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நம் காப்பீட்டுத் திட்டங்களின் குறை புலப்படுகிறது. அவை பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கே பணம் தருகின்றன. ஏறிவரும் சுமையோ சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். அவற்றுக்கான செலவு, மாதந்தோறும் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையில் இருக்கிறது.